தெருவுல நின்னு வீகன் பத்தி பேசறது எப்படி? நம்ம ஊருக்கான முழு வழிகாட்டி

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்ல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், பண்ணை மிருகங்க வீடியோ ஓடற லேப்டாப்ப கையில பிடிச்சுகிட்டு, வீகன், அதாவது பால் முட்டை கறி எதுவும் இல்லாத சாப்பாடு பத்தி பேச நாங்க 7 பேர் நின்னுட்டு இருந்தோம். ஒரு பெரியம்மா கிட்ட வந்து ஸ்க்ரீன ரெண்டு நிமிஷம் பாத்துட்டு, "ஏம்பா, இந்த கன்னுக்குட்டிய எங்க இழுத்துட்டு போறாங்க?"ன்னு கேட்டாங்க. எங்க 7 பேர்ல ஒருத்தருக்கும் அத தமிழ்ல கோர்வையா சொல்ல வரல. எல்லாரும் இங்கிலீஷ் வீடியோ பாத்து, இங்கிலீஷ்ல படிச்சு, இங்கிலீஷ்லயே வாதம் பண்ணி பழகினவங்க. அந்தம்மா கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு போயிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

அதுக்கப்புறம் கத்துக்கிட்டத எல்லாம் இங்க எழுதறேன். வெளிநாட்டு கைடு நெறைய இருக்கு, அதுல பாதி நம்ம ஊர்ல வேலைக்கு ஆகாது. அங்க யாரும் ஜல்லிக்கட்டு பத்தி கேக்க மாட்டாங்க, "நீங்க ஐயர் வீடா?"ன்னு கேக்க மாட்டாங்க, தயிர் சாதம் இல்லாம எப்படி சாப்பாட்ட முடிக்கறதுன்னும் கேக்க மாட்டாங்க. இங்க முதல் பத்து நிமிஷத்துலயே இந்த மூணும் வந்துரும்.

முதல் படி: என்ன நடக்குதுன்னு உங்களுக்கு தெரியணும்

தெருவுல இறங்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் இதுக்கே ஒதுக்குங்க. வெளிநாட்டு பண்ணை வீடியோ பாத்துட்டு வந்து பேசினா, "அதெல்லாம் அமெரிக்காவுலங்க, நம்ம ஊர்ல மாடு வீட்டுப் பிள்ளை மாதிரி"ன்னு ஒரே வரில முடிச்சிருவாங்க. அதனால நம்ம ஊர்ல நடக்கறத சொல்லணும்.

பால்ல ஆரம்பிக்கறேன், ஏன்னா அந்தப் பெரியம்மா கேட்டது அதத்தான். மாடு பால் குடுக்கணும்னா கன்னு போடணும். கிராமத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், ஆனா சிட்டில வளந்த பசங்க நெறைய பேர் மாடு சும்மாவே வருஷம் பூரா கறக்கும்னு நெனச்சுட்டு இருக்காங்க. சினை ஊசி போடறாங்க, 9 மாசத்துக்கு மேல சுமக்குது, கன்னு பொறக்குது, அப்பதான் பால். பொட்டக் கன்னா இருந்தா வளப்பாங்க. கெடாக் கன்னா இருந்தா? அந்தக் காலத்துல ஏர் உழ, வண்டி இழுக்க, கமலை இறைக்கன்னு காளைக்கு வேலை இருந்துச்சு. இப்போ டிராக்டரும் பம்புசெட்டும் வந்தாச்சு, ஜெர்சி கிராஸ் காளைய ஏர்லயும் பூட்ட மாட்டாங்க வாடிவாசல்லயும் விட மாட்டாங்க, தீனி போட்டு வளக்க ரெண்டு மாடு வச்சிருக்கற ஒரு குடும்பத்துக்கு கட்டுப்படியாகாது. அதனால கன்ன விக்கறாங்க, இல்லனா பால் விடாம விட்டுடறாங்க, அது தானா செத்துரும். செத்த கன்னோட தோல்ல வைக்கோல் அடைச்சு தாய் மாட்டு முன்னாடி நிறுத்தி அது நக்க நக்க பால் கறக்கறத உங்க தாத்தா பாட்டி கிட்ட கேளுங்க, பாத்திருப்பாங்க. அப்புறம் பால் வத்தின மாட்டுக்கு தமிழ்லயே ஒரு பேர் இருக்கு, அடிமாடு. பொள்ளாச்சி மாதிரி சந்தைலேர்ந்து லாரி லாரியா கேரளாவுக்கு போகுது. பாலுக்குன்னு தனியா ஒரு மாடு கறிக்குன்னு தனியா ஒரு மாடு இல்ல, ரெண்டும் ஒரே மாடுதான். இந்த ஒண்ணத்தான் அன்னிக்கு அந்தம்மா கிட்ட சொல்லியிருக்கணும்.

அடுத்தது முட்டை. நாமக்கல் பக்கம் பஸ்ல போனவங்களுக்கு அந்த நீள நீளமான ஷெட்டும் வாடையும் தெரியும். உள்ள கம்பிக் கூண்டு, ஒரு கோழிக்கு கெடைக்கற இடம் ஒரு ஏ4 பேப்பர விட கம்மி. றெக்கைய விரிக்க முடியாது, மண்ணக் கெளற முடியாது, முட்டை போட ஒரு மறைவான எடம் தேடறது கோழியோட சுபாவம், அதுவும் முடியாது. நெருக்கத்துல ஒண்ண ஒண்ணு கொத்திக்கும்னு குஞ்சுலயே அலக வெட்டிடறாங்க. காட்டுக்கோழி வருஷத்துக்கு ஒரு டஜன் சொச்சம் முட்டைதான் போடும், இதுங்களோ 300க்கு மேல போடற மாதிரி இனம் பிரிச்சு உருவாக்கப்பட்டது. ஒன்றரை வருஷம் தாண்டி முட்டை கொறஞ்சா கறிக்கு போயிரும். முட்டைக்கோழி இனத்துல பொறக்கற சேவக்குஞ்சு முட்டையும் போடாது, பிராய்லர் மாதிரி சதையும் வைக்காது, அதனால பொறந்த அன்னிக்கே அதுங்கள கழிச்சுக் கட்டறாங்க. திருவிழால பச்சை, ரோஸ்னு சாயம் போட்டு குழந்தைங்களுக்கு விப்பாங்களே கலர் கோழிக்குஞ்சு, அதுவும் இப்படி கழிச்சு விட்டதுதான் பெரும்பாலும். சாயங்காலத்துக்குள்ள பாதி செத்துரும்.

ஐரோப்பிய யூனியன்ல 2012லேர்ந்தே வெறும் கம்பிக் கூண்டுக்கு தடை. நம்ம நாட்டுல லா கமிஷன் 2017ல தன்னோட 269வது அறிக்கைய முட்டைக்கோழி, கறிக்கோழி வளக்கற முறைய பத்தியே குடுத்துச்சு, விதி கொண்டு வரணும்னு சிபாரிசும் பண்ணுச்சு. இத சொன்னா "ஏதோ ஃபாரின் காசு வாங்கிட்டு பேசறாங்க"ன்னு நெனக்கறவங்க கொஞ்சம் நின்னு கேப்பாங்க, ஏன்னா இது நம்ம நாட்டு அரசாங்க அமைப்பே சொன்னது.

பிராய்லர் பத்தி நீளமா சொல்லத் தேவையில்ல. பல்லடம் பக்கத்துக்காரங்களுக்கு நம்மள விட நல்லாவே தெரியும். 40 நாள் சுமாருக்கு 2 கிலோ, அந்த எடைய கால் தாங்காது. கோழியோட இயல்பான ஆயுசு சில வருஷம், கடைக்கு வர்றப்ப அது இன்னும் கீச்சுன்னு கத்தற குஞ்சுதான்.

முடிஞ்சா ஒரு பண்ணைக்கு நேர்ல போங்க. ஒளிஞ்சு படம் எடுக்க சொல்லல, சும்மா போயி பேசுங்க. அங்க வேலை செய்யறவங்க, நெறைய பேர் வடமாநிலத்துலேர்ந்து வந்தவங்க, அந்த அமோனியா வாடையிலயே தங்கி இருக்காங்க. ரெண்டு மாடு வச்சு பால் ஊத்தற அக்காவோட கணக்கையும் கேளுங்க, தவிடு என்ன வெல, சொசைட்டில லிட்டருக்கு என்ன குடுக்கறாங்க, எவ்ளோ மிஞ்சுது. இது தெரியாம தெருவுல நின்னு "விவசாயி கொடுமைக்காரன்"ங்கற மாதிரி பேசிட்டா, கேக்கறவங்கள்ல பாதி பேரோட அம்மாவ திட்டின மாதிரி ஆயிரும்.

சைவம் வேற, நனிசைவம் (வீகன்) வேற

இந்தப் பகுதிய தயவு செஞ்சு தாண்டிப் போகாதீங்க.

நம்ம ஊர்ல சைவம்ங்கறது வெறும் சாப்பாட்டு வார்த்தை கெடையாது. "வீடு வாடகைக்கு, சைவம் மட்டும்"னு போர்டு பாத்து திரும்பி வந்தவங்க எத்தன பேர்! கறி சாப்பிடறவன் கீழ, சாப்பிடாதவன் மேலன்னு தலைமுறை தலைமுறையா சொல்லப்பட்டு அவமானப்பட்ட ஜனங்க கிட்ட போயி நீங்க சாப்பாட்ட பத்தி பேசப் போறீங்க. மாட்டுக்கறி பேர சொல்லி மனுசன அடிச்ச நாடு இது. உங்க வாயிலேர்ந்து "சுத்தம்", "அசுத்தம்", "சாத்வீகம்", "தமோ குணம்"னு ஒரு வார்த்தை வந்தாலும் எதிர்ல நிக்கறவங்களுக்கு அது ஜாதியாதான் கேக்கும், கேக்கறதும் நியாயம்தான்.

அதனால எங்க குழுவுல ஒரு கட்டாயம் வச்சிருக்கோம். மாட்டுக்கறிய மட்டும் தனியா பேச மாட்டோம். பேசினா பால், நெய், முட்டை, கோழி, மீன் எல்லாத்தையும் சேத்துதான். சொல்லப் போனா சுத்த சைவம்னு சொல்லிட்டு தினம் நெய்யும் பன்னீரும் சாப்பிடற வீட்டுல போயி பேசறதுதான் எங்களுக்கு முதல் வேலை, ஏன்னா அந்த பால் வந்த மாடுதான் கடைசில அடிமாடா போகுது. இத வெளிப்படையா சொல்லுங்க. "நான் கறி சாப்பிடறவங்கள விட உசத்தின்னு சொல்ல வரல, பால் குடிக்கற சைவக்காரருக்கும் இதே கேள்விதான்"னு சொன்ன உடனே எதிர்ல இருக்கறவங்க முகம் மாறறத நான் நெறைய தடவை பாத்திருக்கேன், அதுக்கப்புறம்தான் நெஜமான பேச்சே ஆரம்பிக்கும்.

வீகன்ங்கற வார்த்தை 1944ல இங்கிலாந்துல வந்தது. தமிழ்ல நனிசைவம்னு சிலர் சொல்றாங்க, அழகான வார்த்தைதான், ஆனா அதுல சைவம் ஒட்டிக்கிட்டு இருக்கறதால தெருவுல நான் வீகன்னே சொல்றேன், இல்லனா "பால் முட்டை கறி மூணும் இல்லாத சாப்பாடு"ன்னு நேரா சொல்லிடறேன். புரியணும், அவ்ளோதான்.

அதே சமயம் இது எங்கேர்ந்தோ இறக்குமதியான சிந்தனைன்னும் நெனக்க வேண்டாம். வடலூர்ல வள்ளலார் 1867ல ஏத்தின அடுப்பு இன்னும் அணையல, பசிச்சவனுக்கு சோறும் உயிர்கள் மேல இரக்கமும் அவருக்கு ஒண்ணுதான், அதோட ஜாதிய சாடினவர். வள்ளுவர் புலால் மறுத்தல்னு ஒரு அதிகாரம், கொல்லாமைன்னு ஒரு அதிகாரம் வச்சாரு. அதுல 256வது குறள் நமக்கு ரொம்ப உபயோகம்:

தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவா ரில்.

திங்கறதுக்காக உலகம் கொல்லலன்னா விலைக்கு கறி தர ஆளே இருக்காது. "நான் வெட்டலியே, கடைக்காரர் தானே வெட்டறாரு"ங்கற கேள்விக்கு இத விட சுருக்கமா பதில் கெடையாது. ஆனா குறள சொல்லி அடிக்காதீங்க. அவங்களா "நம்ம கலாச்சாரத்துல இல்லையே"ன்னு கேட்டா மட்டும் சொல்லுங்க.

ஆள், இடம், பர்மிஷன்

4 பேர் போதும். தனியா மட்டும் போகாதீங்க. ஒரு பொண்ணாவது குழுவுல இருந்தா பெண்கள் தயங்காம வந்து நின்னு பேசுவாங்க, இது அனுபவம்.

இடம் எப்படின்னா, ஜனங்க அவசரமில்லாம நடக்கற எடமா இருக்கணும். பீச், பாண்டி பஜார் நடைபாதை, கோயம்புத்தூர்ல ரேஸ் கோர்ஸ், காலேஜ் வாசல், ஜனவரில புத்தகக் கண்காட்சி நடக்கற பக்கம். பஸ் ஸ்டாண்டு வேண்டாம், பஸ்ஸ விட்டுருவோமோன்னு பயத்துல யாரும் கேக்க மாட்டாங்க. கறிக்கடை வாசல்ல நிக்கவே நிக்காதீங்க, அது அந்தக் கடைக்காரரோட பொழப்பு, அங்க நின்னா சண்டைதான் வரும். கோயில் வாசல், மசூதி வாசல், பக்ரீத் சமயம், இதெல்லாமும் வேண்டாம். பண்டிகை நேரத்துல ஒரு சமுதாயத்த மட்டும் குறி வச்ச மாதிரி ஆயிட்டா நீங்க கட்டின நம்பிக்கை மொத்தமும் போயிரும்.

தேதினு பாத்தா நவம்பர் 1 உலக வீகன் தினம், அக்டோபர் 2 பண்ணை விலங்குகளுக்கான உலக நாள். காந்தி ஜெயந்திக்கு நம்ம ஊர்ல கறிக்கடை லீவுங்கறதால பேச்ச ஆரம்பிக்க அதுவே ஒரு காரணமா அமையும்.

பர்மிஷன் விஷயத்துல அலட்சியம் வேண்டாம். சென்னைல மாநகர காவல் சட்டம் 41வது பிரிவுப்படி கூட்டம் கூட போலீஸ் அனுமதி வேணும். ரெண்டு பேர் நோட்டீஸ் குடுக்கறதுக்கு பொதுவா யாரும் எதுவும் சொல்றதில்ல, ஆனா ஸ்க்ரீன், பேனர்னு நின்னா ஒரு வாரம் முன்னாடியே ஸ்டேஷன்ல எழுத்துல மனு குடுத்து, வாங்கிக்கிட்டதுக்கு சீல் போட்ட நகல கையில வச்சுக்கோங்க. பூங்கா, மால்னா அதோட நிர்வாகத்துகிட்ட தனியா கேக்கணும். எங்கள ஒரு தடவ நடுவுல கலைஞ்சு போக சொன்னாங்க, நகல காமிச்சப்புறம் "8 மணிக்குள்ள முடிச்சிருங்க"ன்னு விட்டுட்டாங்க. யாராவது அதிகாரி போகச் சொன்னா வாதம் பண்ணாம போயிருங்க, அடுத்த வாரம் வந்துக்கலாம்.

கையில என்ன இருக்கணும்

2016ல மெல்போர்ன்ல ஆரம்பிச்ச ஒரு அமைப்பு முகமூடி போட்டு, முதுகோட முதுகு ஒட்டி சதுரமா நின்னு ஸ்க்ரீன்ல பண்ணைக் காட்சி காமிக்கற முறைய உலகம் பூரா பரப்புச்சு, நீங்களும் பாத்திருப்பீங்க. அதுல நல்ல விஷயம் என்னன்னா நீங்க யாரையும் கூப்பிடறதில்ல, அவங்களா நின்னு பாக்கறாங்க, ஒரு நிமிஷமாவது பாத்தவங்க கிட்ட மட்டும் போயி பேசறீங்க. முகமூடி மட்டும் நம்ம ஊருக்கு ஒத்து வரல, குழந்தைங்க பயப்படுது, பெரியவங்களுக்கு சந்தேகம் வருது. நாங்க அத விட்டுட்டோம்.

வீடியோல ரத்தம் கொட்டற காட்சி வேண்டாம். தெருவுல சின்னப் பசங்க நடக்கறாங்க, அது அவங்க மனசுக்கு நல்லதில்ல. கூண்டு, லாரி, அலகு வெட்டறது, கன்ன பிரிக்கறது, இது போதும், இதுதான் அதிக நேரம் நிக்க வைக்குது. எந்த ஊர்ல எடுத்ததுன்னு தெரியாத காட்சிய போடாதீங்க. வெளிநாட்டு காட்சினா வெளிநாடுன்னு எழுதிருங்க.

நோட்டீஸ் தமிழ்ல, ஒரே தாள், பெரிய எழுத்து. முன் பக்கம் ஒரு படம் நாலு வரி, பின் பக்கம் ஒரு வாரத்துக்கான சாப்பாட்டு லிஸ்ட். பின் பக்கத்தத்தான் ஃபிரிட்ஜ்ல ஒட்டறாங்க. நோட்டீஸ் கீழ கெடந்தா போகும்போது பொறுக்கிட்டு போங்க. டீ, பாயசம்னு ருசி பாக்க குடுக்கறதா இருந்தா டம்ளர் விஷயத்துல கவனம், 2019 ஜனவரிலேர்ந்து தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் பூச்சு போட்ட பேப்பர் கப்புக்கும் தடை இருக்கு. சின்ன எவர்சில்வர் டம்ளர் 30ம் ஒரு கேன் தண்ணியும் எடுத்துட்டு போங்க, இல்லனா தொன்னை.

பேச்சு

முதல் வார்த்தை "நீங்க கறி சாப்பிடுவீங்களா?"வா இருக்கக் கூடாது. நம்ம ஊர்ல அது ஜாதி கேக்கற மாதிரி. நாங்க ஆரம்பிக்கறது, "வணக்கம்க்கா, இது மாதிரி முன்னாடி பாத்திருக்கீங்களா?" அவ்ளோதான். வயசுக்கு தகுந்த மாதிரி ஐயா, அம்மா, அண்ணா, அக்கா, தம்பி. "சார் மேடம்"னா சேல்ஸ்மேன்னு நெனச்சு நகந்துருவாங்க.

அப்புறம் கேளுங்க. நீங்க பேசற நேரத்த விட அவங்க பேசற நேரம் ரெண்டு மடங்காவது இருக்கணும். வீட்டுல ஆடு மாடு கோழி வளத்திருக்கீங்களான்னு கேட்டு பாருங்க. நூத்துக்கு முக்காவாசிப் பேர் ஒரு கதை சொல்வாங்க. ஒரு அண்ணன், 50 வயசிருக்கும், சின்ன வயசுல தான் வளத்த ஆட்ட கெடா வெட்டுக்கு குடுத்தப்ப ரெண்டு நாள் சாப்பிடலன்னு சொல்லிட்டு கண்ணு கலங்கினாரு, நான் எந்த வாதமும் சொல்லல, "அதோட பேரு என்னண்ணா?"ன்னு மட்டும் கேட்டேன். 40 வருஷம் கழிச்சும் பேர் ஞாபகம் இருந்துச்சு. அந்த எரக்கம் அவருக்குள்ள ஏற்கனவே இருந்தது, நான் ஒண்ணும் புதுசா கொண்டு போயி வைக்கல.

பேச்சு ஒரு அளவுக்கு வந்தப்புறம் ஒரே ஒரு சின்ன விஷயம் கேளுங்க. "நாளைலேர்ந்து வீகன் ஆயிருங்க"ன்னா யாரும் ஆக மாட்டாங்க. "காலைல ஒரு டீ மட்டும் பால் இல்லாமயோ கடலைப் பால்லயோ ஒரு வாரம் குடிச்சுப் பாக்கறீங்களா?", "வாரத்துல எந்த நாள் உங்க வீட்டுல கறி எடுக்க மாட்டீங்க? அன்னிக்கு தயிரையும் சேத்து விட முடியுமா?" அப்படின்னு. வெள்ளி, செவ்வாய், புரட்டாசி, கார்த்திகை மாலைன்னு நம்ம ஜனங்களுக்கு கறி விட்டு பழக்கம் உண்டு, கிறிஸ்தவங்களுக்கு தவக்காலம் உண்டு. ஒரு நாள் விட முடியும்ங்கற அனுபவம் அவங்ககிட்ட இருக்கு, அத புடிச்சுக்கோங்க.

யாராவது கத்தினா குரல உயர்த்தாம "சரிங்கண்ணா, நீங்க கேட்டதே சந்தோஷம்"னு விட்டுருங்க. சுத்தி நின்னு வேடிக்கை பாக்கறவங்க உங்க பொறுமையத்தான் பாக்கறாங்க. பொண்ணுங்க கிட்ட வம்பு பண்ண வந்தா மட்டும் உடனே நாலு பேரும் சேந்து நிக்கணும், அதுக்கு மேல போனா போலீஸ்.

கட்டாயம் வர்ற கேள்விகள்

"ஜல்லிக்கட்டுக்கு எதிரானவங்கதானே நீங்க?" இதுதான் நம்பர் 1. 2014ல சுப்ரீம் கோர்ட் தடை, 2017 ஜனவரில மெரினா போராட்டம், அதே வருஷம் சட்டத் திருத்தம், 2023ல அந்த சட்டம் செல்லும்னு தீர்ப்பு, இவ்வளவும் நடந்ததுல மிருக நலம்னாலே பீட்டா, பீட்டான்னாலே தமிழனுக்கு எதிரின்னு ஒரு எண்ணம் வேரோடிப் போச்சு. நான் சொல்றது இது: "ஜல்லிக்கட்டு காளைக்கு வருஷத்துல சில நாள் கஷ்டம் உண்டா இல்லையான்னு நாடே பேசிருச்சு. கூண்டுல இருக்கற கோழிக்கு பொறந்ததுலேர்ந்து சாகற வரைக்கும் தினமும் அதுதான், அத பத்தி யாரும் பேசல, நான் அதத்தான் பேச வந்தேன்." நாட்டு மாடு அழியுதேன்னு அவங்க கவலப்பட்டா கூடவே சேந்து கவலப்படுங்க, ஏன்னா அந்த கவலையும் மாட்டு மேல இருக்கற பாசத்துலேர்ந்துதான் வருது.

"பால் இல்லனா விவசாயி என்ன பண்ணுவான்?" நியாயமான கேள்வி. ஒரு ராத்திரில எல்லாரும் நிறுத்திடப் போறதில்ல, மாற்றம் வர வர நிலக்கடலை, சோயா, தேங்காய், கேழ்வரகு வாங்கற ஆளு கூடும், அதையும் வெளைவிக்கறது விவசாயிதான். ஆனா நிலமே இல்லாம மாடு மட்டும் வச்சிருக்கற அக்காவுக்கு இந்த பதில் போதாது. அந்த இடத்துல எல்லாத்துக்கும் விடை இருக்கற மாதிரி நடிக்காதீங்க.

"சத்துணவுல முட்டை போடறத நிறுத்தணும்னு சொல்றீங்களா?" இல்ல. என்னோட உறுதியான நிலைப்பாடு இது, ஏழைக் குழந்தை தட்டுலேர்ந்து எதையும் எடுக்க சொல்லி நாம பேசக் கூடாது. வாங்க வசதி இருக்கறவங்க கிட்டதான் நம்ம பேச்சு.

"புரதம்?" பருப்பு, சுண்டல், கடலை, மொச்சை, சோயா. கால்சியத்துக்கு கேழ்வரகு, 100 கிராம்ல 300 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, கூட எள்ளு, கீரை. ஆனா பி12 வைட்டமின் பத்தி மட்டும் மறைக்காதீங்க. செடி உணவுல அது நம்பற அளவுக்கு கெடைக்காது, வீகன் ஆனா மாத்திரை எடுத்தே ஆகணும், "நம்ம முன்னோர் எடுத்தாங்களா"ன்னு யாராவது குழுவுல பேசினா திருத்துங்க. பி12 இல்லாம நரம்பு பாதிச்சு ஒருத்தர் திரும்பி வந்தா அவரோட சேந்து பத்து பேர் திரும்பிருவாங்க. கர்ப்பிணி, கைக்குழந்தை, சக்கரை, கிட்னி பிரச்சனைன்னு சொன்னா டாக்டர கேக்க சொல்லிட்டு நிறுத்திருங்க. சக்கரைய குணமாக்கும், கேன்சர குணமாக்கும்னு சொல்றது பொய், சொல்லாதீங்க.

"செடிக்கும் உயிர் இருக்கே?" இருக்கு. ஒரு கிலோ கறிக்கு பல கிலோ தீவனம் போகுது, அதனால செடி மேல பாசம் இருந்தாலும் நேரா செடியத் திங்கறதுதான் கம்மி சேதம். சிரிக்காம சொல்லுங்க, சிலர் நெஜமாவே கேக்கறாங்க.

"வீட்டுல வளக்கற நாட்டுக்கோழி பரவால்லயா?" கூண்டு கோழிய விட நல்லா வாழுதுங்கறத ஒத்துக்கோங்க. அப்புறம் "நல்லா வாழற ஒண்ண ஏன் சாகடிக்கணும்?"னு மெதுவா கேட்டுட்டு பதில் எதிர்பாக்காம விட்டுருங்க.

நாக்குக்கு பதில் சொல்லணும்

மனசு மாறினாலும் மறுநாள் காலைல 6 மணிக்கு டீக்கடைலயும் மத்தியானம் தயிர் சாதத்துலயும்தான் தோக்கறாங்க. இட்லி, சாம்பார், புளியோதரை, கூழ், களி, வத்தக்குழம்பு, சுண்டல், இடியாப்பம் தேங்காய்ப்பால், இதெல்லாம் ஏற்கனவே வீகன்தான், நெய்யையும் கூழ்ல ஊத்தற மோரையும் விட்டா போதும். ஆக, பிரச்சனை டீ, காப்பி, தயிர், நெய், இந்த நாலுலதான் இருக்கு.

கடலைப் பால்: ஒரு கப் பச்சை வேர்க்கடலைய 6 மணி நேரம் ஊற வச்சு, தோல தேச்சு எடுத்து, ரெண்டு தடவ தண்ணி மாத்தி கழுவி, 4 கப் தண்ணி விட்டு அரைச்சு துணில வடிகட்டுங்க. காய்ச்சறப்ப கிண்டிட்டே இருக்கணும், அடி புடிக்கும். டீக்கு இஞ்சி ஏலக்காய் தட்டிப் போட்டா கடலை வாடை தெரியாது. ஃபில்டர் காப்பிக்கு இது அவ்வளவா சேராது, ஓட்ஸ் பால் நல்லா சேரும் ஆனா கடைல விலை ஜாஸ்தி, வீட்டுல முந்திரிப் பால் முயற்சி பண்ணலாம். சோயா பால்ல கொதிக்கற டிகாஷன ஊத்தினா திரிஞ்சுரும், டிகாஷன் கொஞ்சம் ஆறட்டும்.

தயிர்: அதே கடலைப் பால கெட்டியா எடுத்து, காய்ச்சி, கை பொறுக்கற சூட்டுக்கு ஆற வச்சு, காம்போட 8, 10 பச்சை மிளகாய போட்டு மூடி வைங்க. மிளகாய்க் காம்பு ஒறை மாதிரி வேலை செய்யும். முதல் தடவ சுமாராதான் உறையும், அதுல ஒரு ஸ்பூன் எடுத்து அடுத்த தடவ ஒறை ஊத்தினா கெட்டியா வரும். கடுகு, கருவேப்பிலை, பெருங்காயம் தாளிச்சு தயிர் சாதம் கிளறி குடுத்து பாருங்க, தெருவுல எங்க கிட்ட அதிகமா ரெண்டாவது தடவ கேட்டு வாங்கினது இதத்தான்.

கடைல வாங்கறப்ப பச்சை புள்ளிய மட்டும் நம்ப வேண்டாம்னு சொல்லிக் குடுங்க, அது இருந்தாலும் பால், தேன் இருக்கலாம். 2022ல எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) வீகன் உணவுக்குன்னு தனி விதி கொண்டு வந்துச்சு, பச்சை வி எழுத்து போட்ட முத்திரை, அத தேடச் சொல்லுங்க.

அதுக்கப்புறம்தான் வேலையே

ஒரு நாள் பேசிட்டு விட்டா நூத்துல ரெண்டு பேர் கூட நிக்க மாட்டாங்கங்கறது என் கணிப்பு. இஷ்டப்பட்டவங்க நம்பர வாங்கி 21 நாள் வாட்ஸப் குழு வைங்க, தினம் ஒரு மெசேஜ், அதுக்கு மேல வேண்டாம். காலைல ஒரு சமையல் குறிப்பு, வாரம் ஒரு தடவ "எங்க கஷ்டமா இருக்கு?"ன்னு கேள்வி. தவறிட்டேன்னு சொல்றவங்கள யாரும் குத்தம் சொல்லக் கூடாதுங்கறது குழு விதி. கல்யாண வீட்டுல பாயசம் குடிச்சுட்டேன்னு வருத்தப்பட்டு எழுதின ஒரு தம்பிய ஒருத்தர் கிண்டல் பண்ணி, அவன் குழுவ விட்டே போயிட்டான். இப்பவும் எனக்கு அது வலிக்குது.

வீகன் ஆகாதவங்களும் மிருகத்துக்கு உதவ முடியும், இத நெறைய பேர் மறந்துடறாங்க. 1960 மிருகவதை தடுப்புச் சட்டம் 11வது பிரிவு, அசைய முடியாத கூண்டுல அடைக்கறது, வலிக்கற மாதிரி ஏத்திட்டு போறது எல்லாத்தையும் குத்தம்னு சொல்லுது. கால கட்டி பைக்ல தலைகீழா தொங்கவிட்டு கோழி கொண்டு போறாங்களே, அது இதுலதான் வரும். அபராதம் முதல் தடவைக்கு 10 ரூபாய்லேர்ந்து 50 ரூபாய், படிச்சப்ப எனக்கு நம்ப முடியல. பால் கறக்க உடம்புக்கு கேடான ஊசி போடறது 12வது பிரிவு, அதுக்கு 2 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. 1978 போக்குவரத்து விதிப்படி ஒரு லாரில 6 மாட்டுக்கு மேல ஏத்தக் கூடாது. தப்பு கண்ணுல பட்டா தேதி, நேரம், வண்டி நம்பர் குறிச்சு, படத்தோட ஸ்டேஷன்லயோ மாவட்ட மிருகவதை தடுப்பு சங்கம் (எஸ்பிசிஏ) கிட்டயோ எழுத்துல புகார் குடுங்க. லாரிய நீங்களா வழிமறிக்காதீங்க, எந்த நிலைமைலயும். மாட்டுப் பேர சொல்லி டிரைவர அடிக்கற கும்பலோட நம்ம பேர் ஒரு தடவ சேந்தா போதும், அப்புறம் தெருவுல நாம நிக்கவே முடியாது. அந்த டிரைவரும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

உங்க குழுவயும் பாத்துக்கோங்க. வாரா வாரம் அந்த வீடியோவ பாத்தா மனசு கனத்துரும். ஸ்க்ரீன் பிடிக்கறவங்கள அரை மணிக்கு ஒரு தடவ மாத்துங்க, முடிச்சப்புறம் சேந்து உக்காந்து சாப்பிடுங்க, மாசத்துல ஒரு வாரம் லீவு விடுங்க.

கடைசியா ஒரு நோட்டு. அன்னிக்கு யார் என்ன கேட்டாங்க, எந்த பதிலுக்கு முகம் மாறுச்சு, எதுக்கு நமக்கு பதில் தெரியலன்னு வீட்டுக்கு போறதுக்கு முன்னாடி 10 நிமிஷம் எழுதிருங்க. எங்க நோட்டுல முதல் பக்கத்துல அந்தப் பெரியம்மாவோட கேள்வி இருக்கு. கடைசிப் பக்கத்துல போன வாரம் ஒரு டீக்கடை அண்ணன் கேட்டது இருக்கு: "கடலைப் பால் டீ நல்லாத்தான்பா இருக்கு, காலைல 4 மணிக்கு 10 லிட்டர் எனக்கு யாரு கொண்டாந்து குடுப்பா?" இதுக்கு இன்னும் எங்ககிட்ட பதில் இல்ல. அடையாறு, திருவான்மியூர் பக்கம் கிரைண்டரும் ஆளும் இருக்கற யாராவது இதப் படிச்சா, முதல் 10 லிட்டருக்கு வாடிக்கை ரெடியா இருக்கு.